முழங்கால் தண்ணீர்தானே?

முழங்கால் அளவு தண்ணீர்தானே என்று நீங்களும் ஆற்றில் இறங்கியிருப்பீர்கள். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், சயோன் தேசியப் பூங்காவின் 'நேரோஸ்' பள்ளத்தாக்கில் அந்த நினைப்பு ஆபத்தானது. சுமார் 300 மீட்டர் உயரப் பாறைச் சுவர்கள். சில இடங்களில் அகலம் ஆறேழு மீட்டர்தான். மேலிருந்து 26 கிலோமீட்டர் இறங்கி வருவோருக்குப் பெரும்பாலும் ஆறுதான் பாதை. தொடக்கத்தில் தனியார் பண்ணை நிலத்தைக் கடக்க வேண்டும். அங்கே தடத்தை விட்டு விலகாமல் நடப்பதே முறை.

பூங்காவின் அனுமதியும் வேண்டும். ஆற்றில் விநாடிக்கு 120 கன அடிக்கு மேல், அதாவது சுமார் 3,400 லிட்டருக்கு மேல் நீர் ஓடினால் அது கிடைக்காது. ஏன் இவ்வளவு கறார்?

ஓடும் நீரின் தள்ளுவிசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் கால்களை 10 கிலோ பளுபோலத் தள்ளும் நீர், 2 மீட்டர் வேகத்தில் 40 கிலோவாகத் தள்ளும். இடுப்புவரை மூழ்கினாலோ, மிதப்பு விசை உடல் எடையில் ஏறக்குறையப் பாதியைத் தாங்கிக்கொள்ளும். பாதம் தரையை அழுத்தினால்தானே உராய்வு? தள்ளுவது கூடும்போதே பிடிப்பும் குறைகிறது.

விழுந்துவிட்டால் வேகநீரில் எழுந்து நிற்க முயலாதீர்கள். கற்களிடையே பாதம் சிக்கினால் நீர் ஆளை மடக்கி அமுக்கிவிடும். மல்லாந்து, கால்களை நீரோட்டத் திசையில் நீட்டி மிதந்து, கரையை நோக்கி ஒதுங்குங்கள்.

மழை உங்கள் தலைமேல் பெய்ய வேண்டியதில்லை. நம்மூர் 'கெப்பாலா ஆயர்' போல மேல்மலையில் பெய்ததே போதும். தெளிந்த நீர் திடீரெனக் கலங்கி, சருகும் குச்சியும் மிதந்து வந்தால் உடனே மேட்டில் ஏறிவிடுங்கள்.