கப்பல்ல டைமண்ட், ஏரியில பாடு: ஸ்டேட்டஸுக்கு நாம கொடுக்கும் விலை என்ன?



"சார், நீங்க எங்க கோல்டு மெம்பர்." இதைக் கேட்டதும் யாருக்குமே முதுகு கொஞ்சம் நிமிரும். பேங்க், நகைக்கடை, விமான கம்பெனி, ஹோட்டல்னு எங்க போனாலும் நமக்கு ஒரு நிறத்தையோ ஒரு கல்லையோ பட்டமா கொடுக்கிறாங்க. சில்வர், கோல்டு, பிளாட்டினம், டைமண்ட். இதுக்குப் பேரு லாயல்டி ஸ்டேட்டஸ். இது நமக்குச் சொத்தா, செலவா? அதுதான் இன்னைக்குப் பாடம்.

இதைப் புரிஞ்சுக்க ரெண்டு இடத்தைப் பார்க்கப் போறோம். ஒண்ணு, சொகுசுக் கப்பல். இன்னொண்ணு, சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர்ல இருக்கிற பழவேற்காடு ஏரிக்கரை மீனவ கிராமங்கள். ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்பீங்க. ரெண்டு இடத்துலயும் "நான் உறுப்பினர், எனக்கு உரிமை இருக்கு"ன்னு சொல்றவங்க இருக்காங்க. அந்த உரிமையை எழுதினது யாருங்கிறதுதான் வித்தியாசம்.

கப்பல்ல ஸ்டேட்டஸ் எப்படி ஏறுது?

2022 ஜூன்ல சென்னைத் துறைமுகத்துலேருந்து கோர்டேலியா நிறுவனத்தோட 'எம்ப்ரஸ்' கப்பல் கிளம்பின பிறகு, நம்ம ஊர் வீடுகள்லயும் "ஒரு தடவை குரூஸ் போலாமா?"ங்கிற பேச்சு வந்துடுச்சு. வெளிநாட்டுல இந்தத் தொழில் ரொம்பப் பெருசு. வருஷத்துக்கு மூணு, நாலு தடவை போறவங்க அங்க உண்டு. அவங்களைத் தன்கிட்டயே வெச்சுக்கத்தான் ஒவ்வொரு கம்பெனியும் ஒரு ஏணி வெச்சிருக்கு.

ராயல் கரீபியன் கம்பெனியோட ஏணியை எடுத்துக்குவோம். ஒரு இரவு தங்கினா ஒரு பாயின்ட். பெரிய சூட் அறை எடுத்தா ரெண்டு. 3 பாயின்ட்ல கோல்டு, 30-ல பிளாட்டினம், 55-ல எமரால்டு, 80-ல டைமண்ட், 175-ல டைமண்ட் பிளஸ், 700-ல பினாக்கிள். ஆமாங்க, 700 இரவு. கிட்டத்தட்ட ரெண்டு வருஷம் கடல்லயே குடித்தனம்.

இப்போ ஒரு கணக்குப் போடுவோம். இது உதாரணக் கணக்குதான். ஒரு ஆளுக்கு ஒரு இரவுக்கு ₹10,000 ஆகுதுன்னு வெச்சுக்கோங்க. நீங்க 55 பாயின்ட்ல எமரால்டு. டைமண்டுக்கு இன்னும் 25 இரவு வேணும். அதாவது ₹2,50,000.

டைமண்ட் ஆனா என்ன கிடைக்கும்? அதுல பெரிய சலுகை, ஒரு நாளைக்கு நாலு பானம் இலவசம். ஒரு பானம் ₹500-ன்னு வெச்சாலும் நாளைக்கு ₹2,000. போட்ட ₹2,50,000 திரும்பி வர 125 இரவு ஆகும். அந்த 125 இரவுக்கும் டிக்கெட் எடுக்கணுமே! இன்னொரு ₹12,50,000. நாலு பானமும் குடிக்காம ரெண்டு காபியோட நிறுத்துறவங்களுக்குக் கணக்கு இன்னும் மோசம்.

கடல் பயணம் பிடிச்சு எப்படியும் போகப்போறீங்கன்னா, ஸ்டேட்டஸ் ஒரு கொசுறு. வாங்கிக்கோங்க. ஆனா கொசுறுக்காகக் காய்கறி வாங்க ஆரம்பிச்சா அது நஷ்டம்.

டைமண்ட் பயணிக்கு ஏன் கோபம் வருது?

கப்பல்ல அடிக்கடி போறவங்க மத்தியில ஒரு மனநிலை உண்டு. முதல் தடவை வர்ற பயணி எல்லாத்தையும் ஆச்சரியமாப் பார்ப்பார். எண்பதாவது இரவு தங்குறவர், தனக்கு வர வேண்டியது வந்துச்சான்னு பார்ப்பார். தனி வரிசை இல்லைன்னா கோபம். லவுஞ்சுல இடம் இல்லைன்னா கோபம். "நான் எத்தனை வருஷமா வர்றேன் தெரியுமா?"ன்னு கவுன்டர்ல நிக்கிற சிப்பந்திகிட்ட குரல் உயரும். அந்தச் சிப்பந்திக்கு விதியை மாத்துற அதிகாரமே கிடையாது.

இதுக்குக் காரணம் மனுஷங்க கெட்டவங்கங்கிறது இல்லை. போன பணம் போனதுதான்னு மனசு ஒத்துக்காது. "இவ்வளவு செலவு பண்ணிட்டேன், அதுக்கு ஏதாவது வரணும்"னு அது வசூல் பண்ணப் பார்க்கும். இன்னொண்ணு, ஸ்டேட்டஸோட மதிப்பே மத்தவங்ககிட்ட அது இல்லாததுலதான் இருக்கு. வருஷம் போகப் போக டைமண்ட் ஆட்கள் கூடிக்கிட்டே போவாங்க. எல்லாருக்கும் முன்வரிசைன்னா, முன்வரிசைன்னு ஒண்ணு இல்லவே இல்லை.

அப்போ கம்பெனி என்ன செய்யும்? விதியை மாத்தும். கார்னிவல் கம்பெனி 2025 ஜூன்ல ஒரு அறிவிப்பு விட்டது: 2026 ஜூன்லேருந்து எத்தனை நாள் பயணம் செஞ்சீங்கங்கிறது கணக்கில்லை, எவ்வளவு செலவு பண்ணீங்கங்கிறதுதான் கணக்கு. மலிவான அறை எடுத்து வருஷக்கணக்கா நாள் சேர்த்தவங்க பலர் கொதிச்சுப் போனாங்க. ஆனா ஏணி கம்பெனியோடது. படியை எங்க வைக்கணும்னு அவங்கதான் முடிவு பண்ணுவாங்க.

அதே கப்பல், ஆனா ஸ்டேட்டஸ் பூஜ்யம்

இதைவிடத் தெளிவான உதாரணம் நம்ம சென்னைக்கு வந்த அந்த 'எம்ப்ரஸ்' கப்பல்தான். 1990-ல 'நார்டிக் எம்ப்ரஸ்'ங்கிற பேர்ல ராயல் கரீபியனுக்காக ஓட ஆரம்பிச்சது. அப்புறம் 'எம்ப்ரஸ் ஆஃப் தி சீஸ்' ஆச்சு. 2020 கடைசியில அந்தக் கம்பெனி கப்பலை வித்துடுச்சு. 2021-ல கோர்டேலியா பேர்ல மும்பையிலேருந்து ஓடுச்சு.

யோசிச்சுப் பாருங்க. ஒருத்தர் அதே கப்பல்ல அம்பது இரவு தங்கி எமரால்டுக்குப் பக்கத்துல வந்திருக்கலாம். இன்னைக்கு அதே படிக்கட்டுல ஏறினா அவர் புதுப் பயணி. அவர் விசுவாசம் காட்டினது கப்பலுக்குன்னு அவர் நினைச்சிருப்பார். கணக்கு இருந்தது கம்பெனியோட நோட்டுல.

நம்ம ஊர்லயும் பார்த்தோமே. 2012-ல கிங்ஃபிஷர் பறக்குறதை நிறுத்துச்சு. 2019 ஏப்ரல்ல ஜெட் ஏர்வேஸ் நிறுத்துச்சு. பிளாட்டினம் கார்டு பர்ஸ்லயே இருந்துச்சு, ஏறுறதுக்கு விமானம் இல்லை.

பழவேற்காட்டுல 'பாடு'ன்னா என்ன?

இப்போ ஏரிக்கு வருவோம். சிலிகாவுக்கு அடுத்தபடியா இந்தியாவோட ரெண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. இங்க கடல் தண்ணி உள்ள வர்ற முகத்துவாரத்துக்குப் பக்கத்துல இறால் நல்லா கிடைக்கும். நல்ல இடம் கொஞ்சம்தான், வலை போட நினைக்கிறவங்க நிறைய. கப்பல் லவுஞ்சுல இருக்கிற அதே பிரச்சனை.

இதுக்கு இந்த மீனவர்கள் தலைமுறை தலைமுறையா ஒரு ஏற்பாடு வெச்சிருக்காங்க. அதுதான் பாடு முறை. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய மூணு கிராமங்களோட பேர் இதுல முக்கியமாச் சொல்லப்படும். பட்டினவர் சமூகத்துல கல்யாணமான ஆண் ஒரு 'தலைக்கட்டு'. ஊருக்கு வரி கொடுக்கிறதும் அவர்தான், பாட்டுல பங்கு உள்ளவரும் அவர்தான். எந்த நாள்ல, எந்த இடத்துல யார் வலை போடுறதுங்கிறது சீட்டுக் குலுக்கல்லயும் முறை வெச்சும் முடிவாகும்.

இதுல உறுப்பினருக்குக் கிடைக்கிறது நல்ல இடம் இல்லை, ஒரு முறை. இன்னைக்கு நல்ல இடம் உங்களுக்கு வந்தா, இன்னொரு நாள் எனக்கு வரும். கப்பல்ல ஏறினவர் ஏறினபடியே மேல இருப்பார். இங்க மேல, கீழங்கிறதே சுத்திக்கிட்டு இருக்கும். விதியை எழுதினவங்களே அதுக்குக் கட்டுப்பட்டவங்க. சண்டை வந்தா தீர்த்து வைக்க ஊர்ப் பஞ்சாயத்து இருக்கு. உரிமைக்கு விலையா வரியும் ஊர்க் கட்டுப்பாடும் உண்டு.

பாட்டுக்கும் இன்னொரு பக்கம் இருக்கு

இதைப் பொற்காலக் கதையா நினைச்சுடாதீங்க. பாட்டுல பங்கு பிறப்பால வர்றது. ஏரியை நம்பியே வாழ்ற மத்தவங்களுக்கு அந்த இடங்கள்ல முறை கிடையாது. கையால தடவி இறால் பிடிக்கிற இருளர் மக்களுக்குக் கிடையாது. பெண்கள் பேர்லயும் தலைக்கட்டு இல்லை. வெளிய நிக்கிறவங்களோட கோபத்தால இந்த ஏரியில பல தடவை தகராறு வந்திருக்கு.

இன்னொண்ணு, நம்ம பாடத்துக்கு இதுதான் முக்கியம். முகத்துவாரம் மணல் மூடிப் போனா கடல் தண்ணி வராது, இறால் குறையும். அப்போ உங்க முறை வந்தாலும் வலையில என்ன விழும்? சாரா கோல்தார்ட்ங்கிற ஆய்வாளர் 2008-ல வெளியிட்ட பழவேற்காடு ஆய்வுல, பாட்டுல உரிமை உள்ளவங்கள்ல பலர் வருமானம் குறைஞ்சும் அதை விட்டு வேற வழிக்கு மாறத் தயங்கினதைப் பதிவு பண்ணியிருக்காங்க. உரிமை அவங்களோட மானம், அடையாளம். அதை விட்டுட்டுப் போறது வேலையை மாத்துற மாதிரி சாதாரண விஷயம் இல்லை.

நல்ல ஸ்டேட்டஸ்கூட ஆளைக் கட்டிப்போடும்னு இதுலேருந்து தெரியுது. மாசச் சம்பளக்காரங்களுக்கும் இது பொருந்தும். "இருபது வருஷமா இந்த பேங்க்தான்"னு சொல்லிக்கிட்டு, வேற இடத்துல குறைஞ்ச வட்டிக்குக் கிடைக்கிற வீட்டுக் கடனை மாத்தாம இருக்கிறவங்க எத்தனை பேர்?

ரொம்ப விலை உயர்ந்த விசுவாசம்: முன்பணம்

நம்ம கடற்கரை கிராமங்கள்ல இன்னொரு லாயல்டி புரோகிராம் உண்டு. கார்டு கிடையாது, பாயின்ட் கிடையாது. வலை, இன்ஜின், ஆஸ்பத்திரிச் செலவுன்னு வியாபாரி முன்பணம் கொடுப்பார். பெரும்பாலும் வட்டி கேட்க மாட்டார். ஒரே நிபந்தனை, மீனை அவருக்கே போடணும்.

வட்டியே இல்லையேன்னு தோணும். உதாரணக் கணக்கு போட்டுப் பாருங்க. முன்பணம் ₹50,000. வெளிய விக்கிற விலையைவிட கிலோவுக்கு ₹20 குறைச்சு எடுக்கிறார். ஒரு நாளைக்கு 5 கிலோ, வருஷத்துக்கு 200 நாள் தொழில். 20 × 5 × 200 = ₹20,000. அதாவது வருஷத்துக்கு 40 சதவீதம்! இதுல அசல் ஒரு ரூபாகூடக் குறையலை. அடுத்த வருஷமும் அதே ₹50,000 பாக்கி நிக்கும்.

வியாபாரியை வில்லனாக்க வேண்டாம். ராத்திரி பன்னண்டு மணிக்குப் பேப்பர் எதுவும் கேட்காம பணம் கொடுக்கிறவர் அவர்தான். அந்தச் சேவைக்கு ஒரு விலை உண்டு. விலை என்னன்னு தெரிஞ்சுக்கிட்டு வாங்கினா அது உங்க முடிவு. தெரியாம வாங்கினா அது வலை.

மாற்று வழியும் இருக்கு. விவசாயிகளுக்கு இருந்த கிசான் கிரெடிட் கார்டு 2018-19-லேருந்து மீனவர்களுக்கும் உண்டு. குறுகிய காலக் கடனுக்கு 7 சதவீத வட்டி. ஒரு வரம்பு வரைக்கும் ஒழுங்காத் திருப்பிக் கட்டினா அது 4 சதவீதமாக் குறையும். மேல போட்ட ₹50,000 கணக்குல, ₹20,000-க்குப் பதிலா வருஷத்துக்கு ₹2,000 வட்டி. மீனவர் நண்பர்கள் யாராவது இதைப் படிச்சா, மீன்வளத் துறை அலுவலகத்துலயோ பக்கத்து பேங்க்லயோ போய்க் கேளுங்க. மகளிர் குழுவுல இருக்கிற வீட்டம்மாகிட்டயும் பேசுங்க, அந்த வழியிலும் கடன் கிடைக்கும்.

கார்டை நீட்டுறதுக்கு முன்னாடி நாலு கேள்வி

1. விதியை எழுதுறது யார்? கம்பெனின்னா, நாளைக்கே அது மாறலாம். அதைச் சொத்துக் கணக்குல சேர்க்காதீங்க. பாயின்ட் இருந்தா சீக்கிரம் செலவு பண்ணிடுங்க.

2. சலுகையில நான் நிஜமாப் பயன்படுத்துறது எவ்வளவு? விளம்பரத்துல போட்ட மதிப்பு இல்லை, போன வருஷம் நீங்க உண்மையா எடுத்துக்கிட்டதோட மதிப்பு.

3. அடுத்த படிக்கு ஏற எவ்வளவு கூடுதல் செலவு? அந்தச் செலவை ஸ்டேட்டஸ் இல்லைன்னாலும் பண்ணியிருப்பேனா? இல்லைன்னா, அந்தப் பணத்தை அப்படியே முதலீடு பண்ணுங்க. ₹2,50,000 வருஷத்துக்கு 10 சதவீதம் வளர்ந்தா, பத்து வருஷத்துல சுமார் ₹6,48,000. சந்தையில அது உறுதி இல்லைதான். ஆனா அது உங்க பேர்ல இருக்கும்.

4. இதை விட்டு வெளிய போக என்ன தடுக்குது? கணக்கா, கௌரவமா? கணக்குன்னா இருங்க. கௌரவம் மட்டும்தான்னா, அதுக்கு மாசம் எவ்வளவு கொடுக்கிறோம்னு ஒரு பேப்பர்ல எழுதிப் பாருங்க.

கடைசியா ஒண்ணு. பாட்டுல பங்கு உள்ளவர் தன் முறை வர்ற நாளுக்காகக் காத்திருக்கிறார், நடுவுல மத்தவருக்கு வழி விடுறார். "நான் டைமண்ட்"னு கவுன்டர்ல குரல் உயர்த்துறவருக்கு இந்தப் பொறுமையைச் சொல்லிக்கொடுக்க எந்தக் கார்டாலயும் முடியாது.

இந்த வாரத்துக்கு வீட்டுப்பாடம்: உங்க பர்ஸ்ல இருக்கிற ஒவ்வொரு மெம்பர்ஷிப் கார்டையும் எடுத்து மேஜை மேல வைங்க. வருஷக் கட்டணம் ஒரு பக்கம், போன வருஷம் கிடைச்ச பலன் இன்னொரு பக்கம் எழுதுங்க. எந்தக் கார்டு தேறுச்சு, எது தேறலைன்னு கமெண்ட்ல சொல்லுங்க. அடுத்த வீடியோவுல கிரெடிட் கார்டு பாயின்ட்ஸ் கணக்கை இதே மாதிரி பிரிச்சுப் பார்ப்போம்.