நிறத்துக்காகப் பிறக்கும் பாம்புகள்

அன்புள்ள தம்பிக்கு,

வெளிநாட்டில் விதவிதமான நிறங்களில் மலைப்பாம்புக் குட்டிகளை உருவாக்குகிறார்களே, நாமும் செய்தால் என்ன என்று கேட்டிருந்தாய். மரபியல் உனக்குப் பிடித்துப்போனதில் மகிழ்ச்சி. அதனால்தான் முழுவதையும் சொல்லிவிட நினைக்கிறேன்.

கணக்கு என்னவோ நீ பள்ளியில் படித்த மெண்டல் கணக்குதான். ஆப்பிரிக்காவின் பால் பைத்தான் (ball python) என்ற மலைப்பாம்பில் அல்பினோ நிறம் ஒடுங்கு பண்பு. அந்த மரபணுவை மறைவாகச் சுமக்கும் இரண்டு பாம்புகளை இணைத்தால் நான்கில் ஒரு குட்டி அல்பினோவாகப் பிறக்க வாய்ப்புண்டு. நிறத்தைச் சீக்கிரம் பெருக்க, தாயோடு மகனையும் தகப்பனோடு மகளையும் சேர்ப்பவர்கள் உண்டு. அப்போது பரம்பரையில் ஒளிந்திருந்த குறைகளும் சேர்ந்தே வெளிவரும்.

அதே பால் பைத்தானில் ஸ்பைடர் என்ற வகையைப் பார். உடம்பெங்கும் வலைபோல மெல்லிய கோடுகள். இதற்கு மரபணுவின் ஒரே நகல் போதும். ஆனால் அந்தப் பாம்பின் தலை நிலையாக நிற்காமல் ஆடும். இரைமேல் பாயும்போது குறி தவறும். சில மல்லாந்து திருகிக்கொள்ளும். உடலைச் சமநிலையில் வைக்கும் உட்செவி உருத்திரிந்திருப்பதை 2022-ல் வெளியான ஸ்கேன் ஆய்வு காட்டியது. அந்தக் கோடுகளை வைத்துக்கொண்டு ஊனத்தை மட்டும் நீக்க இதுவரை யாராலும் முடியவில்லை. தெரிந்தும் அதைப் பெருக்கி விற்பது கொடுமை.

அடுத்தது, இனம்விட்டு இனம் கலப்பது. ஓர் இனம் தனித்து உருவாக எவ்வளவு காலமாகும் என்பதற்கு, உன் ஊரான வெள்ளக்கடை இருக்கும் சேர்வராயன் மலையையே எடுத்துக்கொள். மண்ணுக்குள் மண்புழு தின்று வாழும் ஒரு கேடயவால் பாம்பை 1863-ல் இயற்கையியலாளர் பெடோம் இங்கிருந்து விவரித்தார். பிறகு அதை வேறொரு இனத்தோடு சேர்த்துவிட்டார்கள். தனி இனமென்று 2014-ல்தான் மறுபடி நிறுவினார்கள். சமவெளி சூழ்ந்த இந்த மலையில் நெடுங்காலம் ஒதுங்கி வாழ்ந்ததால் வந்த தனித்தன்மை அது. அப்படி உருவான வேறுபாடுகளைக் கூண்டுக்குள் ஒரே ஈற்றில் கலைத்துவிடலாம். திரும்பப் பிரிக்க முடியாது.

கலப்பு கூண்டோடு நிற்பதுமில்லை. அமெரிக்காவின் ஃபுளோரிடா சதுப்புநிலத்தில் வளர்ப்புப் பிராணி வணிகத்தின் வழியே பரவிய பர்மிய மலைப்பாம்புகள் சிலவற்றில், நம் இந்திய மலைப்பாம்பின் மரபணுத் தடயம் இருப்பதை 2018-ல் கண்டறிந்தார்கள்.

சட்டத்தையும் தெரிந்துகொள். நம் நாட்டு மலைப்பாம்பை வீட்டில் வளர்ப்பது 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 2022-ல் வந்த திருத்தத்துக்குப் பின், பால் பைத்தான் போன்ற வெளிநாட்டு இனங்களை வைத்திருந்தால் பதிவு செய்தாக வேண்டும். ஆனாலும் கடத்தல் ஓயவில்லை. 2023 ஏப்ரலில் கோலாலம்பூரிலிருந்து வந்த ஒரு பயணியின் பெட்டிகளில் 22 பாம்புகள் சென்னை விமான நிலையத்தில் பிடிபட்டன. வாங்க ஆள் இருப்பதால்தான் வருகின்றன.

தேர்ந்தெடுத்து இணைப்பதே பாவம் என்று நான் சொல்லவில்லை. நெல்லும் மாடும் அப்படித்தான் நம்மிடம் வந்தன. ஆனால் எந்த இணைப்புக்கு முன்னும் ஒன்றைக் கேள்: பிறக்கப்போகும் குட்டி நன்றாகத் தின்று, ஊர்ந்து, வலியில்லாமல் வாழுமா? ஆம் என்று சொல்ல முடியாத இடத்தில் கையை எடுத்துவிடு. மரபியலைத் தொடர்ந்து படி. உன் மலையின் பாம்புகளைப் பற்றி ஆராய வேண்டியது இன்னும் நிறைய இருக்கிறது.

அன்புடன்,
அண்ணன்