விரல் நாண்களும் மறுவாழ்வும்

மயிலாப்பூர் மாட வீதிகளில் மாலை வேளையிற் செல்வோர் சில இல்லங்களினின்று வீணையொலி எழக் கேட்டிருப்பர். தந்திகளின்மேல் ஓடும் அவ்விரல்களை மடக்கும் பெருந்தசைகள் விரல்களில் இல்லை, முன்கையில் உள்ளன. அங்கிருந்து கயிறுகளைப்போல் நீண்டுவரும் நாண்களே விரல்களை இழுக்கின்றன. உள்ளங்கையிலுள்ள சிறு தசைகளோ, விரலடியை மடக்கி நுனிகளை நிமிர்த்துகின்றன. இவ்விரண்டும் ஒத்துழைத்தாலன்றிக் கை செவ்வனே தொழில் செய்யாது.

தொழுநோய் முழங்கையருகே உள்ள நரம்பைக் கெடுக்குமாயின், அச்சிறு தசைகள் செயலற்றுப்போம். அப்பொழுது விரல்கள் பறவையின் உகிர்போல் வளைந்து நிற்கும். இக்குறைக்குப் பரிகாரம் இல்லையென்றே நெடுங்காலம் பலரும் எண்ணியிருந்தனர்.

1914-ஆம் ஆண்டு கொல்லிமலையில் மிஷனெரிப் பெற்றோர்க்குப் பிறந்த டாக்டர் பால் பிராண்டு, 1946-இல் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். மறு ஆண்டு, செங்கற்பட்டையடுத்த திருமணியில் டாக்டர் காக்ரேன் நடத்திய தொழுநோய் நிலையத்தைக் காணச் சென்றார். ஆங்கு வளைந்த விரல்களையுடைய நோயாளி ஒருவரின் கையைப் பற்றினார். அப்பிடியின் வன்மை அவரை வியக்கச் செய்தது. முன்கைத் தசைகள் பழுதுறவில்லையென்பது அவருக்கு விளங்கிற்று.

நல்ல தசையின் நாணைக் கெட்ட தசையின் வேலைக்கு மாற்றலாமன்றோ? ஒவ்வொரு விரலையும் மடக்க மேல்நாண், ஆழ்நாண் என இரண்டு உண்டு. ஆதலின் ஒரு விரலின் மேல்நாணைக் கடன் கொண்டாலும் அவ்விரல் மடங்கும். அந்நாணை நான்காகப் பிளந்து, உள்ளங்கையின் வழியே செலுத்தி, நான்கு விரல்களிலும் தைத்தனர். இத்தகைய சிகிச்சை 1948-இல் வேலூரில் தொடங்கிற்று. காயம் ஆறியபின், பழைய விரலை மடக்க முயன்று புதிய அசைவைப் பெற நோயாளி பன்னாள் பயில வேண்டும்.

ஆயினும், கை நிமிர்ந்ததால் வாழ்வும் நிமிர்ந்துவிடவில்லை. ஊரார் வேலை தர மறுத்தனர். நேரான விரல்களைக் கண்டோர் பிச்சையும் குறைத்தனர். இதனையுணர்ந்த பிராண்டு, தச்சு முதலிய தொழில்களைக் கற்பிக்க நவஜீவ நிலையத்தை நிறுவினார். அங்கே மற்றோர் உண்மையும் தெளிவாயிற்று: விரல்கள் நோயினால் தாமே அழுகி வீழ்வன அல்ல, வலியுணராமையால் சூடும் வெட்டும் உறங்குகையில் எலிக்கடியும் நேர்ந்தே அழிகின்றன. ஆதலால், கருவிகளைக் கண்ணாற் கண்டு பிடிக்கவும், நாள்தோறும் கைகளைச் சோதிக்கவும் அவர்கள் கற்பிக்கப்பட்டனர்.

இக்காலத்தில் தொழுநோய் மருந்தினால் முற்றும் தீர்வது. எனினும் தாமதித்துச் சிகிச்சை பெறுவோரின் நரம்பு கெட்டே போகிறது. அவர்தம் விரல்களை நிமிர்த்த இம்முறை இன்றும் பயன்படுகின்றது. மாணவ நண்பர்களே! நாணைத் தைப்பது வைத்தியர் கடன். அக்கையை அஞ்சாது பற்றி, அதற்கு வேலை தருவது நம் கடன்.