முப்பது கிலோவும் ஓர் உடம்பும்

கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு வீட்டிலிருந்து யாராவது வெளிநாடு கிளம்புகிறார்கள் என்றால் தெருவுக்கே தெரிந்துவிடும். பஜார் ரோட்டிலிருந்து மிளகும் ஏலமும் வந்து இறங்கும், வாழைக்காய் உப்பேரி வறுபடும் வாசனை வரும், பெட்டியைக் கொக்கித் தராசில் மாட்டி, முப்பது கிலோவைத் தாண்டுகிறதா என்று தூக்கித் தூக்கிப் பார்ப்பார்கள். மசாலா வியாபாரத்தில் பேர்போன ஊர் என்பதால் பெட்டி கட்டுவதில் எங்களுக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு. பல பயணங்களுக்குப் பிறகு நான் வந்து சேர்ந்திருக்கும் முடிவு அந்தக் கர்வத்துக்கு உகந்ததல்ல. கிளம்புவதற்கு முந்தைய வாரம் முழுவதையும் பெட்டியே தின்றுவிடுகிறது; பயணம் செய்யப்போகிற உடம்புக்கும், அந்த உடம்பை எல்லை தாண்டவைக்கிற காகிதத்துக்கும் மிச்சம் எதுவும் இருப்பதில்லை. விமானத்தில் படும் அவஸ்தையில் பாதி, இருக்கையில் உட்காரும் முன்பே வீட்டில் தீர்மானமாகிவிடுகிறது.

காகிதத்தில் தொடங்குகிறேன், ஏனென்றால் தமிழர்களுக்கு இதில் தனிச் சங்கடம் இருக்கிறது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டுக்கொண்டு காலம் தள்ளியவர்கள் நாம். பாஸ்போர்ட்டில் சொந்தப் பெயர் என்ற ஒற்றைப் பெயர் மட்டும் ஏறி, குடும்பப் பெயருக்கான கட்டம் காலியாகக் கிடக்கும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயர் கொண்டவர்களைச் சுற்றுலா, விசிட் விசாக்களில் அனுமதிப்பதில்லை என்று அறிவித்தபோது இங்கே பல வீடுகளில் பதற்றம் கிளம்பியது. பாஸ்போர்ட்டின் இன்னொரு பக்கத்தில் தந்தை பெயர் இருந்தால் போதும் என்று பிறகு விளக்கம் வந்தது. ஆனாலும் டிக்கெட்டில் ஒரு மாதிரி, விசாவில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி என்று பெயர் பிரிந்து கிடந்தால் கவுண்டரில் வியர்க்க வேண்டியதுதான். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகப் பார்க்கப் பத்து நிமிடம் போதும். போய்ச் சேரும் நாளிலிருந்து ஆறு மாதமாவது பாஸ்போர்ட் செல்லுபடியாக வேண்டும் என்று பல நாடுகள் கேட்கின்றன. அதையும் டிக்கெட் எடுக்கும் முன்பே பார்த்துவிட வேண்டும்.

பெட்டி நேரத்தைத் தின்கிறது என்பதற்காகப் பெட்டியே வேண்டாம், எல்லாம் அங்கேயே கிடைக்கிறதே என்று சொல்ல மாட்டேன். அம்மா போட்ட கடுமாங்காய் ஊறுகாய் துபாய்க் கடையில் கிடைக்காது. ஆனால் எடையைப் பார்க்கிற கண் பொருளையும் பார்க்க வேண்டும். எண்ணெய்ச் சத்து மிகுந்த கொப்பரை தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது என்பது விமானச் சரக்கு விதிகளின் கணக்கு. தேங்காய் ஊர்க்காரர்களுக்கு இது நம்பக் கஷ்டமாக இருக்கும், ஆனாலும் முழுக் கொப்பரையை விடமாட்டார்கள். ஊறுகாய், நெய், தேங்காய் எண்ணெய் எல்லாம் கசியாமல் கட்டி செக்-இன் பெட்டியில் போக வேண்டியவை. கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் பறிபோகலாம். கசகசா அமீரகத்தில் தடைசெய்யப்பட்ட பொருள். வீட்டில் அரைத்த குருமாப் பொடியில் அது சேர்ந்திருக்கிறதா என்று அரைத்தவரிடம்தான் கேட்க வேண்டும். கோடீன் கலந்த இருமல் மருந்து, டிராமடால் போன்ற வலி மாத்திரை ஆகியவற்றுக்கு அங்கே முன் அனுமதி தேவை. ஆஸ்திரேலியாவுக்குப் போகிறவர் கறிவேப்பிலை முதல் பருப்புப் பொடி வரை உணவு எதுவானாலும் படிவத்தில் சொல்லிவிட வேண்டும். சொன்னால் போவது பொருள் மட்டும், மறைத்தால் அபராதமும் சேரும். பவர் பேங்க் நேர்மாறு: அது கைப்பையில்தான் இருக்கவேண்டும், நூறு வாட்-மணி வரை தனி அனுமதி தேவையில்லை. 20,000 எம்.ஏ.எச். என்று போட்டிருப்பது ஏறத்தாழ 74 வாட்-மணி. நீரிழிவுக்காரர் இன்சுலினையும் கைப்பையில்தான் வைக்க வேண்டும். சரக்கறைக் குளிரில் அது உறைந்து கெட்டுப்போகலாம்.

இனி உடம்பு. பறக்கும்போது விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரமுள்ள மலையில் இருப்பதற்குச் சமம். அதாவது மூணாறைத் தாண்டிய உயரம், சில வேளை ஊட்டியையும் தாண்டிவிடும். கடல்மட்டத்தில் வாழ்கிற ஊர்க்காரரை அரை மணி நேரத்துக்குள் ஊட்டிக்கு ஏற்றினால் என்ன ஆகுமோ அதுதான் ஆகிறது. வயிற்றுக்குள் இருக்கும் வாயு மூன்றில் ஒரு பங்கு வரை விரிகிறது. புறப்படும் நாளில் வழக்கம்போல் புட்டும் கடலையும் சாப்பிட்டு, மேலே போனதும் சோடாவும் வாங்கிக் குடித்தவர், வயிறு உப்புவதற்கு விமானத்துச் சாப்பாட்டைக் குறை சொல்வதில் நியாயமில்லை. கஞ்சியோ இட்லியோ போதும். காற்றின் ஈரப்பதம் இன்னொரு சங்கதி. கொச்சிக் காற்று ஈரம் நிறைந்தது. விமானத்துக்குள் ஈரப்பதம் இருபது சதவீதத்தைத் தொடுவதே அரிது. உதடு வெடிப்பதும் மூக்கு காய்வதும் கண் உறுத்துவதும் அதனால்தான். பாதுகாப்புச் சோதனையைத் தாண்டிய பிறகு காலி பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு அடிக்கடி ஒரு வாய் குடிப்பது, லென்ஸைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி போடுவது, சின்ன டப்பாவில் வாஸ்லின் வைத்துக்கொள்வது ஆகிய மூன்றும் கழுத்துத் தலையணையைவிடப் பெரிய உபகாரம். காது அடைப்பது பெரும்பாலும் இறங்கும்போது. விமானம் கீழிறங்கத் தொடங்கும்போது விழித்திருந்து எச்சில் விழுங்கிக்கொண்டே இருந்தால் தொல்லை குறையும். கடுமையான ஜலதோஷத்தோடு பறக்கலாமா என்பதை டாக்டரிடம்தான் கேட்க வேண்டும், பக்கத்து வீட்டாரிடம் அல்ல.

இதற்கு எப்போதும் வரும் பதில்: வளைகுடாவுக்கு நாலு மணி நேரம்தானே, லண்டனுக்கா போகிறோம்? நாலு மணி நேரம் என்பதுதான் எல்லைக்கோடு. நாலு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் கால் ரத்தக் குழாயில் ரத்தம் உறையும் ஆபத்து ஏறத்தாழ இரட்டிப்பாகிறது என்று 2007-ல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு சொன்னது. பயப்பட வேண்டிய எண்ணல்ல, ஆறாயிரம் பேரில் ஒருவருக்கு என்ற அளவுதான். ஆனால் அதே ஆய்வு விமானத்தோடு கார், பஸ், ரயிலையும் சேர்த்தே சொன்னது என்பதைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். 1999 வரை விமான நிலையம் வில்லிங்டன் தீவில், எங்களுக்குப் பாலம் தாண்டினால் போதும் என்கிற தூரத்தில் இருந்தது. இப்போது நெடும்பாசேரி, நாற்பது கிலோமீட்டர். தோப்பும்படியில் தொடங்கி வைற்றிலா, இடப்பள்ளி, ஆலுவா என்று ஒவ்வொரு சந்திப்பும் தன் பங்கைக் கேட்கும். இரண்டு மணி நேரம் காரில், மூன்று மணி நேரம் விமான நிலைய நாற்காலியில், அப்புறம்தான் அந்த நாலு மணி நேரம். கணுக்காலைச் சுழற்றுவதும் மணிக்கொரு முறை எழுந்து நடப்பதும் லண்டன் பயணிக்கு மட்டும் எழுதிய மருந்தல்ல.  சரக்கறைக் குளிரில் அது உறைந்து கெட்டுப்போகலாம்.

காசுள்ளவர் பேச்சு இது, மலிவு டிக்கெட்டில் நடு இருக்கையில் போகிற தொழிலாளிக்கு என்ன வழி என்று கேட்பார்கள். கேள்வி நியாயம்தான், நடு இருக்கை நடு இருக்கைதான், அதை நான் மாற்ற முடியாது. ஆனால் மேலே சொன்னதில் காசு கேட்பது எது? தண்ணீரும் நடையும் பெயர் சரிபார்ப்பதும் இலவசம்; கடையில் தொங்கும் தலையணைக்குத்தான் விலை. பல வளைகுடா விமானங்கள் நள்ளிரவிலோ விடியற்காலையிலோ கிளம்புவதால் முதலில் பறிபோவது தூக்கம். பெட்டியை முந்தைய நாள் மத்தியானமே பூட்டிவிட்டு, சாயங்காலம் இரண்டு மணி நேரம் படுக்கவும் செலவில்லை.

வயதான அப்பா அம்மாவை அனுப்பும் பிள்ளைகள் சக்கர நாற்காலி கேட்கத் தயங்குகிறார்கள். நல்லா நடக்கிறாரே, எதற்கு என்று. வீட்டிலிருந்து கடைவீதிக்கு நடப்பதும், தெரியாத மொழியில் அறிவிப்பு ஒலிக்க, வழியில் விமானம் மாறும் ஊரில் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குக் கைப்பையோடு நடப்பதும் ஒன்றல்ல. டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுவிட வேண்டும். கிளம்புகிற ராத்திரி கவுண்டரில் நின்று கேட்டால், நாற்காலி வரும்வரை அவர் நின்றுகொண்டேதான் இருக்க வேண்டியிருக்கும்.