திட்ட ஆய்வறிக்கையை ஊரார் படித்தல்

அணைக்கட்டு, நெடுஞ்சாலை, துறைமுகம் முதலிய பெருந்திட்டங்களை அரசாங்கமே மேற்கொள்வதாயினும், அவற்றால் நிலத்திற்கும் நீருக்கும் காற்றுக்கும் நேரக்கூடிய விளைவுகளை முன்கூட்டி ஆராய்ந்து அறிக்கை தயாரித்தல் வேண்டும். மத்திய அரசு 1994-இல் இதற்கென அறிவிக்கை பிறப்பித்தது. 1997-இல் பொதுமக்கள் கருத்தைக் கேட்பதும் கட்டாயமாயிற்று. இப்பொழுது நடைமுறையிலுள்ளது 2006 செப்டம்பர் 14-ஆம் நாளைய அறிவிக்கையும் அதன் திருத்தங்களுமாகும். பழைய பாசனத் திட்டங்களைப் புதுப்பித்தல் போன்ற சில பணிகளுக்கு மட்டும் கருத்துக் கேட்புக் கூட்டம் தேவையில்லை.

கூட்டத்திற்குக் குறைந்தது 30 நாட்களுக்கு முன் நாளிதழ்களில் விளம்பரம் வெளிவரும். வரைவு அறிக்கையும் அதன் தமிழ்ச் சுருக்கமும் மாவட்ட ஆட்சியர் அலுவலகம், ஊராட்சி ஒன்றிய அலுவலகம் முதலிய இடங்களில் பார்வைக்கு வைக்கப்படும். ஊராருக்கு உண்மையில் உரிய காலம் இந்த 30 நாட்களே என்பது நம் கருத்து. கூட்டத்தன்று எழும் ஆரவாரம் அன்றோடு அடங்கிவிடும். படித்து எழுதிக் கொடுத்தது ஏட்டில் நிற்கும்.

படிக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது, அளவுகள் எந்த மாதத்தில் எடுக்கப்பட்டன என்பதே. மழைக்காலம் நீங்கலான ஒரே பருவத்து அளவுகளைக் கொண்டு பல அறிக்கைகள் எழுதப்படுகின்றன. விதிகளும் அதற்கு இடமளிக்கின்றன. பங்குனியில் வந்து பார்த்தவருக்கு வறண்ட ஓடையாகத் தோன்றுவது, ஐப்பசி அடைமழையில் மூன்று ஏரிகளை நிரப்பும் வரத்துக் கால்வாயாக இருக்கலாம். அதன் குறுக்கே சாலைக்கு மேடு போட்டால் எத்தனை கண் பாலம் விடப்போகிறார்கள்? கலங்கு வழிந்த நீர் எவர் வயலில் தேங்கும்? இவற்றை அறிந்தவர் அந்த ஆயக்கட்டு உழவரேயன்றிப் பிறரல்லர். கிணறுகளின் கோடைக்கால நீர்மட்டம், மேய்ச்சல் நிலம், கால்நடை செல்லும் பாதை ஆகியனவும் இத்தகையவே.

“எங்கள் ஊர் அழிந்துவிடும்” என்று எழுதுவதால் பயன் குறைவு. இன்ன பக்கத்தில் நீர்நிலை இல்லை என்றிருக்கிறது, ஆனால் இன்ன புல எண்ணில் குளம் உள்ளது, ‘அ’ பதிவேட்டில் காண்க என்று எழுதினால் அதற்கு விடையளிக்காமல் தப்ப இயலாது. திட்டத்தை வரவேற்பவரும் இவ்வாறு எழுதலாம். எதிர்ப்போருக்கு மட்டும் உரிய கூட்டமன்று இது.

கூட்டத்தை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கூட்டும். மாவட்ட ஆட்சியரோ அவர் சார்பில் உயர் அதிகாரியோ தலைமை வகிப்பார். இத்தனை பேர் வந்திருக்க வேண்டும் என்னும் கணக்கு இல்லையாதலால், ஊரார் வாராதிருந்தாலும் கூட்டம் செல்லும். நடவடிக்கைகள் படமெடுக்கப்படும். முடிவில் குறிப்புகள் தமிழில் படிக்கப்பட்ட பின்னரே கையொப்பமாகும். அதுவரை எவரும் எழுந்து செல்லலாகாது. விடுபட்டதைச் சொல்ல அதுவே தருணம்.

இவ்வாறு பதிவான கருத்துக்கு மதிப்புண்டா எனின், கோவா மாநிலத்து மோப்பா விமான நிலையத்தைப் பார்க்கலாம். 2015-இல் அதற்கு அனுமதி கிடைத்தது. அருகிலுள்ள காடுகள் பற்றிய விவரம் விண்ணப்பத்தில் மறைக்கப்பட்டதையும், கூட்டத்தில் மக்கள் எழுப்பிய ஐயங்களை நிபுணர் குழு முறையாக ஆராயாததையும் சுட்டி, 2019 மார்ச் 29-இல் உச்ச நீதிமன்றம் அவ்வனுமதியை நிறுத்திவைத்து மறுபரிசீலனைக்கு அனுப்பியது. 2020 ஜனவரியில் கூடுதல் நிபந்தனைகளுடன் பணி தொடர இசைந்தது. விமான நிலையம் எழுந்தது, நிபந்தனைகளும் கூடின.

அனுமதி வழங்கப்பட்டபின் குறையுடையோர் 30 நாட்களுக்குள் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாட்கள் வரை அவகாசம் கிடைக்கும்.