போர்வை தைக்குமுன் துணியை நனையுங்கள்

வியாபாரச் சகோதரர்களே, 2,000 மீற்றரைத் தாண்டிய நமுனுகுல மலைப்பக்கத்தில் பஞ்சு வைத்த போர்வைக்கு எப்போதும் கிராக்கிதான். தோட்டத்துப் பெண் ஒருவர் வீட்டிலிருந்து துணிப்பூ வெட்டி, ஓரத்தைக் கால் அங்குலம் உள்மடித்துக் கையால் பதித்துத் தைத்த போர்வையை விற்றேன். முதல் கழுவலிலேயே சிவப்புச் சாயம் வெள்ளையில் இறங்கிவிட்டது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். தைத்தவரின் கூலியில் கை வைக்கவில்லை. துணி வாங்கிக் கொடுத்தது நான்தானே!

ஒடிசாவின் பிப்பிலியில் இதே வேலைப்பாட்டில் குடையும் விதானமும் செய்கிறார்கள். அவற்றை அடிக்கடி கழுவுவதில்லை; போர்வை அப்படியல்ல. வெட்டுமுன் ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியே நனைத்து, வெள்ளைத் துண்டால் ஒற்றிப் பாருங்கள். பலமுறை அலசியும் சாயம் விட்டால் அந்தத் துணி வேண்டாம். பருத்தி சுருங்குவதும் பெரும்பாலும் இதிலேயே முடிந்துவிடும். நனைத்துக் காயவைக்கும் வேலைக்கும் கூலி உண்டு. விலை போடும்போது அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.