கைத்தொழில் பாடம்: பின்திரை எழுதப் பழகுவோம், கூலி கேட்கவும் பழகுவோம்



பாடசாலைக் கலைவிழா, கோயில் திருவிழா நாடகம் என்று வந்துவிட்டால், "நல்லாப் படம் கீறுற பிள்ளை நம்ம லயத்துல யாரு இருக்கு?" என்று தேடிப் பிடிப்பார்கள். அந்தப் பிள்ளையும் நாலு நாள் கண்விழித்துக் கீறிக் கொடுக்கும். கடைசியில் கிடைப்பது ஒரு பிளேன்டியும் "நன்றி தம்பி" என்ற சொல்லும்தான். பெயின்ட் வாங்கிய காசுகூடத் திரும்பாது. அடுத்த வருசம் அந்தப் பிள்ளை பிரஷைத் தொடாது. நல்ல கைகள் இப்படித்தான் வீணாகின்றன. ஆகவே, பின்னணி வரையும் முறையையும் அதற்குக் கூலி பெறும் முறையையும் இப்பாடத்தில் சேர்த்தே சொல்கிறோம்.

பின்திரை வந்த கதை

நாம் எழுதுவது தன்னாமுனையிலிருந்து. மட்டக்களப்பு நகருக்கு வடக்கே, ஏறாவூர் போகும் வழியில் வாவிக்கரையில் உள்ள ஊர் இது. இப்பக்கத்து வடமோடி, தென்மோடிக் கூத்துகள் வட்டக்களரியில் ஆடப்படுபவை. சுற்றிவரச் சனம் இருந்து பார்ப்பதால் அங்கே பின்திரைக்கு இடமில்லை. ஒரு பக்கம் மட்டும் திறந்த மேடையில்தான் அது தேவைப்படுகிறது. தமிழ்நாட்டில் ஊர் ஊராகச் சென்ற நாடகக் கம்பெனிகள் அரண்மனை, காடு, தெரு என்று தனித்தனித் திரைகள் வைத்திருந்தன. அவற்றைச் 'சீன்' என்பார்கள். எந்த நாடகத்துக்கும் அதே காடு, அதே தெருதான்!

அப்படிச் சீன் எழுதியவர்களில் ஒருவர் சி. கொண்டைய ராஜு (1898–1976). சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். நாடகக் கம்பெனியோடு சுற்றிவிட்டு, 1940களில் கோவில்பட்டியில் தங்கிவிட்டார். அங்கே சீடர்களைச் சேர்த்துக்கொண்டு ஓவியம் வரைந்தார். சிவகாசியில் அச்சான சாமி கலண்டர் படங்களால் அவர் பெயர் பரவியது. அவ்வகைப் படங்களில் சாமிக்குப் பின்னால் தெரியும் குளமும் மலையும் வானமும் நாடகச் சீனிலிருந்து வந்தவைதான். மேடையில் பழகிய கைவேலை கலண்டரிலும் சோறு போட்டது. இதை நாம் மனதில் வைக்க வேண்டும்.

வரையும் முறை

மலைநாட்டுப் பிள்ளைகளுக்கு மலை கீறுவது பழக்கம். தண்ணீரும் தட்டை நிலமும் வந்தால் கை தடுமாறும். ஆகையால் 12 அடிக்கு 8 அடித் துணியில் எங்கள் வாவிக்கரையை வரைந்து பார்ப்போம்.

1. தடித்த பருத்தித் துணியைச் சுருக்கமில்லாமல் மரச்சட்டத்தில் இழுத்து அடிக்கவும். வெள்ளை எமல்ஷன் பெயின்டில் தண்ணீர் கலந்து இரண்டு முறை மெல்லிதாகப் பூசவும். தடிப்பாகப் பூசினால் திரையைச் சுருட்டும்போது வெடிக்கும்.

2. முதலில் 12 அங்குலத்துக்கு 8 அங்குலத் தாளில் படத்தை வரைந்து, அங்குலத்துக்கு ஒரு கட்டம் போடவும். துணியில் அடிக்கு ஒரு கட்டம் போடவும். தாளில் ஒரு கட்டத்தில் இருப்பதைத் துணியில் அதே கட்டத்தில் எழுதினால் அளவு தப்பாது.

3. அடிவானக் கோட்டைக் கீழிருந்து இரண்டரை அடி உயரத்தில் வைக்கவும். அப்போதுதான் நடிகரின் முகம் வெறும் வானத்துக்கு முன்னால் தெளிவாகத் தெரியும். முகத்துக்குப் பின்னால் மரமும் வீடும் வந்தால் ஆளே தெரியாது.

4. தூரத்தில் இருப்பது வெளிர் நிறம், கிட்ட இருப்பது அடர் நிறம். காற்றிலுள்ள ஈரமும் தூசும் தூரத்துப் பொருளை மங்கச் செய்கின்றன. காலையில் நம்ம மலையைப் பாருங்க, கடைசி மலை வானத்தோடு கலந்து நிற்கும். அதேபோல வாவியின் அக்கரையை மங்கலான ஒரு பச்சைக் கீற்றாக விட்டால் போதும். இக்கரைத் தென்னையையும் தோணியையும் அழுத்தமாக எழுதவும்.

5. தண்ணீருக்கு வானத்தின் நிறத்தையே சற்றுக் கருக்கிப் பூசவும். கரையில் நிற்கும் மரத்தின் பிம்பம் அதற்கு நேர் கீழேதான் விழும். சரித்து வரையக் கூடாது.

6. இரவில் மேடை விளக்கைப் போட்டுத் தூர நின்று பார்க்கவும். மஞ்சள் வெளிச்சத்தில் நீலம் மங்கிப்போகும். குறைந்த இடத்தில் நிறத்தைக் கூட்டவும்.

வேலை முடிந்ததும் திரையை மடிக்காமல் மூங்கிலில் சுருட்டி வைக்கவும்.

கூலிக் கணக்கு

நாலு நாள் கொழுந்து எடுத்தால் செக்ரோலில் நாலு பேர் விழுகிறது. நாலு நாள் படம் எழுதினால் மட்டும் ஏன் விழக் கூடாது? விளங்குவதற்காக ஒரு கணக்குச் சொல்கிறோம். துணிக்கும் பெயின்டுக்கும் 7,000 ரூபாய், நாள் கூலி 2,000 வீதம் நாலு நாளுக்கு 8,000, போக்குவரத்துக்கு 1,000. ஆக 16,000 ரூபாய். சரியான விலையைக் கடையில் விசாரித்துப் போட்டுக்கொள்ளுங்க. பாதிப் பணத்தை முன்பணமாக வாங்கிய பிறகே துணி வாங்க வேண்டும். என்ன படம், எத்தனை அடி, எந்தத் தேதி, எவ்வளவு பணம் என்று ஒரு தாளில் எழுதி இரு பக்கமும் கையொப்பம் வைக்க வேண்டும். சொந்தக்காரர் என்றாலும் இதை விடக் கூடாது.

இன்னொரு வழியும் உண்டு. நாடகக் கம்பெனிக்காரர் செய்ததுபோல, எந்தக் கதைக்கும் பொருந்தும் காடு, தெரு, நீர்க்கரை என்று இரண்டு மூன்று திரையை எழுதி நீங்களே வைத்துக்கொண்டு வாடகைக்கு விடலாம். ஒரு தடவைக்கு 2,000 ரூபாய் என்றால் எட்டுத் தடவையில் 16,000 ரூபாயும் கைக்கு வந்துவிடும். அதன்பின் வருவது லாபம். பாடசாலைகள், பிறந்தநாள், கல்யாணப் படப்பிடிப்பு என்று பல இடங்களில் கேட்பார்கள். இப்போது பிளெக்ஸ் பேனர் மலிவாகக் கிடைக்கிறதே என்று சிலர் சொல்லலாம். உண்மைதான். ஆனால் பளபளப்பான பேனர் மேடை வெளிச்சத்தில் கண் கூசும். துணித்திரை கூசாது, பழுதுபட்ட இடத்தைத் திருத்தியும் எழுதலாம். இதைச் சொல்லித்தான் வேலை கேட்க வேண்டும்.

படத்தின் மூலையில் உங்கள் பெயரை எழுதுங்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, சொந்தமாக வரைந்த படத்துக்குப் பதியாமலே பதிப்புரிமைப் பாதுகாப்பு உண்டு. அதேபோல அடுத்தவர் படத்தைப் பார்த்து அப்படியே எழுதி விற்பதும் சரியல்ல.

பெற்றோருக்கும் ஒரு சொல். "படம் கீறிச் சோறு திங்க முடியுமா?" என்று பிள்ளையை அதட்டாதீர்கள். உயர்தரத்தில் சித்திரத்தை ஒரு பாடமாக எடுக்கலாம். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் எங்கள் மட்டக்களப்பில் கல்லடியில் இருக்கிறது. தகுதி பெற்ற பிள்ளைகள் அங்கே ஓவியத் துறையில் பட்டமே படிக்கலாம்.

இம்மாதப் பயிற்சி: உங்கள் லயத்து வாசலிலிருந்து தெரியும் மலையை 12 அங்குலத்துக்கு 8 அங்குலத் தாளில் மூன்று நிற அடர்த்தியில் மட்டும் வரையுங்கள். தாளின் பின்பக்கத்தில், அதைத் திரையாக எழுத என்ன செலவாகும், எத்தனை நாளாகும், உங்கள் கூலி எவ்வளவு என்று கணக்குப் போடுங்கள். இரண்டு பக்கமும் சரியாக வந்தால்தான் பாடம் முடிந்தது.